அப்பாவின் மருந்து டப்பாவைக் காலி செய்தது சரியா?

கோவைக்காரி:
அப்பாவும் அம்மாவும் உடுமலைப்பேட்டைப் பக்கம் கிராமத்தில் இருக்கிறார்கள். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. பீரோ மேல் ஒரு பிஸ்கட் டின், அதுதான் மருந்து டப்பா. தேதி இல்லாமல் வெட்டிக் கொடுத்த மாத்திரைகள், பாதி சாப்பிட்டு மிச்சம் வைத்த ஆன்டிபயாட்டிக், அம்மாவின் கண்புரை ஆபரேஷனுக்குக் கொடுத்த சொட்டு மருந்து, பேரனுக்கு எப்போதோ வாங்கிய காய்ச்சல் சிரப் எல்லாம் அதற்குள் கிடந்தன. முழுவதையும் எடுத்துக் கழித்துவிட்டேன். அப்பாவுக்குப் பெரிய கோபம். "காசு கொடுத்து வாங்கினது, பார்த்தா நல்லாத்தானே இருக்கு" என்கிறார். பூஞ்சை பிடித்த நிலக்கடலைக்கும் இதே சண்டை. அண்ணன், அண்ணி எல்லோரும் அப்பா பக்கம். நான் செய்ததில் என்ன தப்பு, சொல்லுங்கள்.

திண்ணை:
தப்புதான் தங்கச்சி. அட்டையில் இருக்கிற தேதி, கம்பெனி பொறுப்பேற்கிற கடைசி நாள். அதற்கு மறுநாள் மாத்திரை விஷமாகிவிடாது. அமெரிக்க ராணுவம் கையிருப்பு மருந்துகளைக் கொட்டி வீணாக்கக் கூடாது என்று 1986-ல் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. அதன் முடிவுகள் 2006-ல் வெளியாயின. 122 மருந்துகள், மூவாயிரத்துச் சொச்சம் தொகுதிகள் (ஒரே தடவையில் சேர்த்துத் தயாரித்தது ஒரு தொகுதி). அதில் 88 சதவீதத் தொகுதிகளுக்குக் குறைந்தது ஒரு வருடமாவது ஆயுளை நீட்டிக்க முடிந்தது. சராசரி நீட்டிப்பு 66 மாதம்! பெரியவர்கள் கண்மூடித்தனமாகச் சேர்த்து வைப்பதில்லை. ராத்திரி பத்து மணிக்குக் காய்ச்சல் வந்தால் உங்கள் கிராமத்தில் எந்த மெடிக்கல் திறந்திருக்கும்? அந்த டின்தான் அவர்களுக்குத் துணை. அதை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொட்டியது எனக்குச் சரியாகப் படவில்லை.

மதுரை மருந்தாளுநர்:
திண்ணை அண்ணா சொன்ன ஆய்வு உண்மை. ஆனால் அந்த மருந்துகள் எப்படி இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரிக்காத பெட்டி, கட்டுப்பாடான வெப்பம், ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் நீட்டிப்பு. ஒரே மருந்திலேயே தொகுதிக்குத் தொகுதி ஆயுள் வெகுவாக மாறியது என்றும் அதே கட்டுரை சொல்கிறது. ஓட்டு வீட்டில், சித்திரை வெயிலில், பீரோ மேல் இருக்கிற டின்னுக்கு அந்தக் கணக்கு செல்லாது. நம் ஊர் மாத்திரைகள் பலவற்றின் அட்டையிலேயே 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லி அச்சிட்டிருக்கும். ஆஸ்பிரின் அட்டையைப் பிரித்ததும் புளிக்காடி வாசம் வந்தால், ஈரம் பட்டு அது உடைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இதயத்துக்காக அதைச் சாப்பிடுகிறவருக்கு இது சின்ன விஷயமா?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கண் சொட்டு மருந்தைத் திறந்தால் சுமார் ஒரு மாதம்தான். புட்டியில் இரண்டு வருடம் பாக்கி இருந்தாலும் அந்த ஒரு மாதம்தான் கணக்கு, ஏனென்றால் பிரச்சினை உள்ளே போகிற கிருமி. அதுவும் ஆபரேஷன் செய்த கண்! தண்ணீர் கலந்து வைக்கிற ஆன்டிபயாட்டிக் சிரப், லேபிளைப் பொறுத்து ஒரு வாரம், மிஞ்சினால் ஃபிரிட்ஜில் இரண்டு வாரம். பேரனின் காய்ச்சல் சிரப்பில் நிமிசுலைடு என்று இருந்தால் தேதியே பார்க்க வேண்டாம். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க 2011-லேயே தடை வந்துவிட்டது.

திண்ணை:
சொட்டு மருந்தும் சிரப்பும் சரி, விட்டுவிடுகிறேன். மூன்று மாதம் கடந்த பாராசிட்டமால்? அட்டை பிரியாமல் இருக்கிறது. அதையும் குப்பையில் போட வேண்டுமா?

மதுரை மருந்தாளுநர்:
அதைச் சாப்பிட்டால் ஆபத்து என்று நான் எங்கும் சொல்லவில்லை, அண்ணா. புதிதாக ஒரு அட்டை வாங்கிவிட்டால் அந்தச் சந்தேகமே இல்லை, விலையும் அதிகமில்லை. எனக்குப் பயம் அந்த மிச்ச ஆன்டிபயாட்டிக்தான். ஐந்து நாளைக்கு எழுதியதில் இரண்டு நாள் சாப்பிட்டு, காய்ச்சல் விட்டதும் எடுத்து வைத்திருப்பார்கள். அடுத்த சளிக்கு அண்ணிக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று. வைரஸ் சளிக்கு அது எதுவும் செய்யாது. தேதி நேற்றுத்தான் அச்சடித்ததாக இருந்தாலும் அப்படிக் கொடுக்கக் கூடாது. கடைகளில் வெட்டிக் கொடுக்கும்போது தேதி இருக்கிற துண்டைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் கவரில் எழுதித் தரச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

நெல்லைப் பேரன்:
மருந்தில் நான் தலையிடவில்லை. சாப்பாட்டில் எங்கள் ஆச்சி சொல்வதுதான் சட்டம். ஆவக்காய் ஊறுகாயும் உப்பு நார்த்தங்காயும் என்ன தேதி பார்த்தா போட்டார்கள்? உப்பு, புளி, எண்ணெய் இவற்றை வைத்துக் கெடாமல் காப்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரியும். புளி பழசானால் குழம்புக்கு நல்லது, அரிசி பழசானால் சோறு உதிரியாக வரும். பழைய சோற்றைப் பற்றி ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலேயே ஆராய்ச்சி நடந்தது. இன்றைய பிள்ளைகள் பிஸ்கட் பாக்கெட்டில் 'பெஸ்ட் பிஃபோர்' ஒரு நாள் தாண்டினால் தூக்கி எறிகிறார்கள். அது மொறுமொறுப்புக்கான தேதி. 'எக்ஸ்பைரி', 'யூஸ் பை' என்று இருந்தால் மட்டும்தான் அதற்கு மேல் தொடக் கூடாது. முகர்ந்து பார்த்தால் தெரியாதா?

உணவு வாத்தியார்:
ஊறுகாய், புளி, பழைய அரிசி மூன்றிலும் ஆச்சி சொல்வது முழுக்கச் சரி. 'பெஸ்ட் பிஃபோர்' பற்றி நீங்கள் சொன்னதும் சரி. ஆனால் முகர்ந்தால் தெரியாத விஷயங்கள் இருக்கின்றன, அங்கேதான் எனக்குக் கவலை.

சோற்றை வடித்து அடுப்பு மேலேயே மூடி வைத்துவிட்டால், பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அந்த வெதுவெதுப்பில் முளைக்கும். வேகும்போதும் சாகாத வித்து அது. அது விடுகிற வாந்தி நஞ்சு திரும்பச் சூடு செய்தாலும் அழியாது. வாசம் மாறியிருக்கவும் வேண்டியதில்லை. ஆறவைத்து நீரூற்றிய பழைய சோற்றின் கதை வேறு, அதில் புளிப்பு ஏறுகிறது. நீரூற்ற மறந்து காலையில் தாளித்துச் சாப்பிடுகிற சோற்றைத்தான் சொல்கிறேன்.

கோவைக்காரி, கடலை விஷயத்தில் நீங்கள் துளியும் விட்டுக்கொடுக்காதீர்கள். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்ஸின் இருக்கலாம், அது கல்லீரலுக்குப் புற்றுநோய் வரவைக்கிற பொருள். பூஞ்சையைத் துடைத்து வெயிலில் காய வைத்தாலோ வறுத்தாலோ முழுதாகப் போகாது. "செக்குக்குக் கொடுத்து எண்ணெயாக ஆட்டிக்கொள்ளலாம்" என்பார்கள், அதுவும் வேண்டாம். மாட்டுக்கும் வைக்காதீர்கள், பாலில் வரும்.

இன்னொன்று, இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. வயதாக ஆக மோப்ப சக்தி குறையும். நாற்பது வயதில் ஆச்சிக்கு இருந்த மூக்கு எண்பதில் இருக்காது, அவர்களுக்கே அது தெரியாது. வீட்டில் இளையவர் ஒருவரும் சேர்ந்து முகர்ந்து பாருங்கள்.

நெல்லைப் பேரன்:
ஆச்சியின் மூக்கைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சுண்டக் குழம்பை யாராவது கொட்டச் சொன்னால் சண்டைக்கு வருவேன். காலையிலும் மாலையிலும் கொதிக்க விடுகிறார்கள், புளியும் இருக்கிறது.

சித்தா படிப்பவள்:
கை வைத்தியம் பற்றி யாருமே பேசவில்லை. காலாவதி என்பது இங்கிலீஷ் மருந்துக்கு மட்டும்தான் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். சித்த மருத்துவத்தில் ஒவ்வொரு மருந்து வகைக்கும் ஆயுள் சொல்லியிருக்கிறது. சாறு, குடிநீர் (கஷாயம்), கற்கம் (அரைத்த விழுது) ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். சூரணம் (இடித்த பொடி) 3 மாதம். நெய், இளகம் (லேகியம்) 6 மாதம். எண்ணெய் ஒரு வருடம். புடம் போட்டு எடுக்கிற சிவப்புப் பொடியான செந்தூரம் 75 வருடம், வெள்ளைச் சாம்பலான பற்பம் 100 வருடம். ஆக, போன வருடம் இடித்த திரிகடுகச் சூரணத்தை இன்றும் வைத்திருப்பது நம் மரபுக்கே விரோதம். நிலவேம்புக் குடிநீரைக் காலையில் காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றி ராத்திரி வரை குடிப்பதும் அப்படித்தான்.

அதிமதுரம் இருமலுக்கு நல்லதுதான். பிரஷர் இருக்கிறவர் தினமும் கஷாயத்தில் போட்டுக் குடித்தால் பிரஷர் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். கைக்குழந்தைக்கு நாக்கில் தேன் தடவுவது ஒரு வயது வரை கூடவே கூடாது, பொட்டுலிசம் என்ற, நரம்பைத் தாக்கும் நச்சு நோய் வரலாம். வசம்பு உரைத்துக் கொடுப்பதையும் நான் ஆதரிக்கவில்லை. அதில் இருக்கிற அசரோன் என்ற வேதிப்பொருளுக்காக அமெரிக்காவில் 1968-லேயே உணவில் வசம்பைத் தடை செய்தார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் போதும்.

திண்ணை:
நம் தலைமுறை முழுக்க வசம்பு உரைத்துக் கொடுத்து வளர்ந்ததுதானே, அம்மா?

சித்தா படிப்பவள்:
வளர்ந்தவர்கள் மட்டும்தானே ஐயா இங்கே பேசுகிறோம். அந்தக் காலத்தில் எத்தனை வீட்டில் குழந்தை தங்கவில்லை என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமே கேளுங்கள். அத்தனைக்கும் வசம்புதான் காரணம் என்று சொல்லவில்லை. பிழைத்தவர்களை மட்டும் எண்ணி ஒரு மருந்தை நல்லது என்று சொல்ல முடியாது என்கிறேன்.

திண்ணை:
கேள்வி நியாயமானது. வசம்பை நான் இன்னும் விடவில்லை, ஆனாலும் அடுத்த குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்கச் சொல்ல மாட்டேன். தங்கச்சி, அப்பாவிடம் முதலில் சமாதானமாகப் போங்கள். புதிய டின் வாங்கி, அவரையே உட்கார வைத்து, எது எதற்கு என்று அவர் கையால் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். தைலம், ஓமம், சுக்கு எல்லாம் அவர் பொறுப்பிலேயே இருக்கட்டும்.

கோவைக்காரி:
அடுத்த வாரம் போகிறேன், கேட்டுப் பார்க்கிறேன். கழித்த மருந்தெல்லாம் இன்னும் ஒரு பையில் கட்டிக் கிடக்கிறது. எங்கே போடுவது?

மதுரை மருந்தாளுநர்:
கிணற்றடியிலும் எருக்குழியிலும் போடாதீர்கள். கேரளாவில் வீட்டு மருந்துகளைத் திரும்பப் பெற அரசே ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. உங்கள் பக்கம் வாங்கிக்கொள்ள யாரும் இல்லாவிட்டால், அட்டையிலிருந்து பிரித்து, ஈரமான டீத்தூளோடு பிசைந்து, கட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள். ஒரு கேள்வி. அப்பாவுக்கு நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா?

கோவைக்காரி:
ஆமாம். சட்டைப் பையில் காகிதத்தில் மடித்து வைத்திருப்பார். டின்னில் இல்லாததால் அதை நான் எடுக்கவில்லை.

மதுரை மருந்தாளுநர்:
அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள். வியர்வை, வெயில், வெளிச்சம் எல்லாம் பட்டிருக்கும், வலி வருகிற நேரத்தில் வேலை செய்யாமல் போகலாம். இன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டு, டாக்டர் சீட்டைக் காட்டிப் புதிதாக வாங்கித் தரச் சொல்லுங்கள். அட்டையிலிருந்து பிரிக்காமல் அப்படியே பையில் வைத்துக்கொள்ளட்டும். புட்டியில் கொடுத்தால் அந்தப் புட்டியோடு வைத்துக்கொள்ள வேண்டும்.