புதுப்பிப்பு: பிடிவாரண்ட் தேடுவதும் ரத்து செய்வதும்

பிடிவாரண்ட் இருக்கிறதா என்று, நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடச் சொல்லி முன்பு எழுதியிருந்தேன். அது போதாது. ஆங்கில எழுத்துக்கூட்டல் சற்று மாறினாலும் வழக்கு தட்டுப்படாமல் போகலாம். காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர். எண், ஆண்டு கொடுத்துத் தேடுங்கள், சி.என்.ஆர். எண் (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்) இருந்தால் இன்னும் நல்லது. வழக்கு வரலாற்றில் ஒவ்வொரு வாய்தா தேதியையும் திறந்து, வாரண்ட் பிறப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

பலரும் நினைப்பதுபோல் வாரண்ட் நாளாவட்டத்தில் காலாவதி ஆகாது. பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 72-ஆம் பிரிவின்படி, நிறைவேற்றப்படும் வரை அல்லது பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும் வரை அது செல்லும். அதனால் அடுத்த வாய்தா வரை காத்திருக்க வேண்டாம். வழக்கறிஞருடன் நேரில் ஆஜராகி, முந்தைய வாய்தாவுக்கு வராததற்கான காரணத்தை மருத்துவச் சான்று போன்ற ஆவணத்தோடு காட்டி ரீகால் மனு (வாரண்டை ரத்து செய்யக் கேட்கும் மனு) போடுங்கள்.

ரத்து உத்தரவு காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அவசியம் விசாரியுங்கள். சேரவில்லை என்றால் பழைய வாரண்டை வைத்தே பிடித்துவிடக்கூடும். சான்றிட்ட நகல் கையில் இருக்கட்டும்.