சித்தப்பாவின் டொன்சில் கட்டி, ரிப்போர்ட்டில் பி16 பாசிட்டிவ்: இது தொற்றுமா?

கல்லடிப் பையன்:
எல்லோருக்கும் வணக்கம். சித்தப்பாவுக்கு 54 வயது. சில மாதங்களுக்கு முன் ஷேவ் எடுக்கும்போது தாடைக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. நெறி கட்டியிருக்கிறது என்று மஞ்சள் பத்துப் போட்டு, இரண்டு தடவை அன்டிபயோட்டிக்கும் குடித்து, எதற்கும் வற்றாமல் கடைசியில் ஈ.என்.டி. டொக்டரிடம் போனோம். டொன்சிலில் சதை எடுத்து அனுப்பினார்கள். புற்றுநோய், பி16 பாசிட்டிவ், எச்.பி.வி. வைரஸால் வந்தது என்று கிளினிக்கில் இரண்டு நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சித்தப்பா வெற்றிலையே போடாதவர். வாலிபத்தில் சிகரெட் குடித்தார், இப்போதும் எப்போதாவது ஒன்று. வீட்டில் யாரோ போனில் தேடி, இது உடலுறவால் பரவும் வைரஸ் என்று வாசித்துவிட்டார்கள். அன்றிலிருந்து சித்தி அவருடன் கதைப்பதில்லை. அவர் குடித்து மிச்சம் வைக்கும் பிளேன்டீயைக் கடைக்குட்டிதான் எடுத்துக் குடிப்பாள், இப்போது அந்தக் கோப்பை தனியாக ஜன்னலில் கவிழ்ந்து கிடக்கிறது. அவள் தரம் 6, பள்ளிக்கூடத்தில் ஊசி போட வந்த கடிதத்திலும் இதே வைரஸின் பெயர். உண்மையில் இது தொற்றுமா? சித்தப்பா ஏதும் தப்பு செய்தார் என்று அர்த்தமா?

அம்பாறைத் தாதி:
தம்பி, முதலில் அந்தக் கோப்பையை எடுத்துப் பழைய இடத்தில் வையுங்கள். கோப்பையாலோ, ஒன்றாகச் சாப்பிடுவதாலோ, பிள்ளையைக் கொஞ்சுவதாலோ இந்தப் புற்றுநோய் யாருக்கும் வராது.

வைரஸ் உடலுறவு வழியாக, வாய் வழியாகவும் தொற்றுவது உண்மைதான். ஆனால் திருமணம் செய்து வாழ்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வந்து போயிருக்கும், வந்ததே தெரியாது, அநேகமாக ஓரிரு வருடத்தில் உடம்பே அதைத் துரத்திவிடும். சிலருக்கு மட்டும், முக்கியமாக இந்த வைரஸின் 16ஆம் வகை, டொன்சிலிலும் நாக்கின் அடியிலும் உள்ள ஆழமான குழிகளுக்குள் தங்கிவிடுகிறது. அது புற்றாக மாறப் பல பத்து வருடங்கள் எடுக்கும். ஆகவே இது எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டொக்டராலும் சொல்ல முடியாது. சித்தியிடமிருந்தே வந்திருக்கலாம், அவருக்கும் தெரிந்திருக்காது. இந்த ரிப்போர்ட்டை வைத்து ஒரு மனிதனின் நடத்தையைத் தீர்மானிப்பது பெரிய அநியாயம்.

பி16 என்பது வைரஸ் அல்ல. வைரஸ் செல்லின் கட்டுப்பாட்டைக் குலைக்கும்போது செல்லுக்குள் குவிகிற ஒரு புரதம், அவ்வளவுதான். டொன்சிலில் அது நிறைய இருந்தால் பின்னால் வைரஸ் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். நல்ல விஷயம் என்னவென்றால், இந்த வகை கதிர்வீச்சுக்கும் கீமோவுக்கும் மற்றத் தொண்டைப் புற்றுகளை விட நன்றாகக் கேட்கும். ஆனால் சிகரெட் அந்த நன்மையைக் கெடுக்கும். அந்த எப்போதாவது ஒன்றையும் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

களுதாவளை வாசகர்:
வைரஸ் வைரஸ் என்று கதைத்து வெற்றிலையை மறந்துவிட வேண்டாம். எங்கள் ஊரே வெற்றிலைத் தோட்டம்தான், வெற்றிலை வட்டா வைக்காத கலியாண வீடு இல்லை. எங்கள் பெரியப்பாவுக்குக் கன்னத்தில் வந்தது பாக்கும் புகையிலையும் அடக்கியதால்தான்.

அம்பாறைத் தாதி:
சரியாகச் சொன்னீர்கள். அமெரிக்காவில் டொன்சில், நாக்கடிப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் இந்த வைரஸால். எங்கள் பக்கம் கன்னம், ஈறு, நாக்கின் ஓரத்தில் வருகிறதற்குப் பாக்கும் புகையிலையும்தான் முதல் காரணம், அங்கே வைரஸின் பங்கு சிறியது. குரல்வளையிலும் வைரஸின் பங்கு சிறியதுதான். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் தரும்.

அக்கரைப்பற்று மகன்:
தம்பி, எங்கள் வாப்பாவுக்கும் இதே டொன்சில், இதே பி16. கதிர்வீச்சுக்கு முதல் பல் டொக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள், காப்பாற்ற முடியாத சொத்தைப் பல்லை முன்கூட்டியே பிடுங்க வேண்டும், பிறகு பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் போகலாம். மூன்றாம் கிழமையில் வாப்பாவுக்கு எச்சில் வற்றிச் சோறு தொண்டைக்குள் மணல் மாதிரி நின்றது. உம்மா அரிசிக் கஞ்சியைத் துணியில் வடித்து, தேங்காய்ப்பால் விட்டு, ஆறவைத்து, தேக்கரண்டி தேக்கரண்டியாகக் கொடுத்தார். எங்கள் வீட்டிலும் முதல் மாதம் பீங்கானைப் பிரித்தோம், அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிறது. இப்போது நான்கு வருடமாகிறது, சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு நடந்தே போகிறார்.

கல்லடிப் பையன்:
எல்லோருக்கும் நன்றி. சித்தியும் ஏதாவது டெஸ்ட் எடுக்க வேண்டுமா? கடைக்குட்டிக்கு அந்த ஊசி போடலாமா?

அம்பாறைத் தாதி:
தொண்டைக்கென்று அவருக்கு ஒரு டெஸ்டும் தேவையில்லை. கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனை எடுக்காமல் விட்டிருந்தால் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தின் சுகவனிதையர் கிளினிக்கில் கேட்கச் சொல்லுங்கள், இது எல்லாப் பெண்களுக்கும் சொல்வதுதான். பிள்ளைக்கு ஊசியைத் தவறாமல் போடுங்கள். 2017 முதல் தரம் 6 பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள், கர்ப்பப்பைக் கழுத்துக்காக வந்தாலும் அது தடுப்பவற்றில் இதே 16ஆம் வகையும் இருக்கிறது.

கல்லடிப் பையன்:
தாதி அக்கா எழுதியதைச் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்ப் பிளேன்டீ ஊற்றினார். நாளைக்குப் பல் கிளினிக், அவரும் கூட வருகிறாராம்.