கால்வாய் ஓட்டப் பாவனையில் சுவர் உராய்வு குறைவாகவே வருகிறது

வணக்கம். கொந்தளிப்பு ஓட்டத்தில் முனைவர் ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். சொந்தச் சிக்கலுக்குள் நுழையுமுன் இணைத்தட்டுக் கால்வாய் ஓட்டத்தைச் சரியாகக் காட்டுமாறு என் நெறியாளர் சொன்னார். அது நியாயமான நிபந்தனைதான், ஆனால் மூன்று மாதங்களாக அதைத் தாண்ட முடியவில்லை.

ஓபன்ஃபோம் என்ற பாய்ம ஓட்டக் கணிப்பு மென்பொருளில் பெருஞ்சுழல் பாவனை செய்கிறேன்; அதாவது பெரிய சுழல்களை நேரடியாகக் கணித்து, வலைக்குள் அகப்படாத சிறு சுழல்களின் விளைவைத் துணைவலை மாதிரி ஒன்றிடம் விடுகிறேன். சராசரி வேகத்தை மாறாமல் வைத்து ஓட்டும்போது, 395 ஆக வரவேண்டிய உராய்வு ரெனால்ட்ஸ் எண் (சுவர் உராய்விலிருந்து பெறும் வேகத்தை வைத்துக் கணிப்பது) 365இல் நின்றுவிடுகிறது. சுவர்த் தகைவு இந்த எண்ணின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அது ஏறத்தாழ 15 விழுக்காடு குறைகிறது. மோசர், கிம், மன்சூர் 1999இல் வெளியிட்ட நேரடி எண்முறைத் தரவுடன் (மாதிரி எதுவுமின்றி எல்லாச் சுழல்களையும் கணித்தது) ஒப்பிட்டால், மடக்கைப் பகுதி (சுவரிலிருந்து உள்ள தூரத்தின் மடக்கையாக வேகம் ஏறும் இடம்) முழுவதும் என் வேகக் கோடு மேலே நிற்கிறது, ஓட்டத்திசை ஏற்ற இறக்கத்தின் உச்சமும் மிகையாக உள்ளது.

கால்வாயின் அரை உயரத்தை அலகாகக் கொண்டால் நீளம் 6.28, அகலம் 3.14. வலைப்புள்ளிகள் நீளவாக்கில் 64, உயரவாக்கில் 96, அகலவாக்கில் 48. சுவர் அலகில் (சுவர் உராய்வையும் பாகுநிலையையும் கொண்டு வரையறுத்த நீள அலகு) இடைவெளி நீளவாக்கில் 39, அகலவாக்கில் 26. சுவரையொட்டிய முதல் புள்ளியை 1.5இலிருந்து 0.7க்குக் கொண்டுவந்தேன், காலப்படியைப் பாதியாக்கினேன், சராசரி எடுக்கும் காலத்தை இரட்டிப்பாக்கினேன், வான் டிரீஸ்ட் தணிப்புடன் (சுவரருகே மாதிரியின் விளைவைக் குறைப்பது) கூடிய ஸ்மகோரின்ஸ்கி துணைவலை மாதிரியை விட்டு, கெழுவை ஓட்டத்திலிருந்தே கணிக்கும் இயங்குநிலை மாதிரிக்கும் மாறினேன். எண் 365ஐ விட்டுப் பெரிதாக நகரவில்லை.

சுவரருகே வேகக்கீற்றுகள் (ஓட்டத்திசையில் நீண்ட மெதுவான, விரைவான பட்டைகள்) சுமார் 100 சுவர் அலகு இடைவெளியில் அமைவதால், அகலவாக்கு வலை அவற்றைப் பிடிக்கப் போதவில்லையோ என்று ஐயுறுகிறேன். இன்னும் ஒரே ஒரு நீண்ட ஓட்டத்துக்குத்தான் கணினி நேரம் மிச்சமிருக்கிறது. அதை அகலவாக்கு வலையை இரட்டிப்பாக்கச் செலவிடலாமா, அல்லது இதே வலையில் துணைவலை மாதிரியை முற்றிலும் நீக்கிப் பார்க்கலாமா?