வூடி கத்ரி அஞ்சலி இசைத்தட்டு: பாட்டுகளுக்கு நடுவே வாசிப்பு எதற்கு?

கேள்வி – வட்டக்கச்சியிலிருந்து

எங்கள் ஊர் அண்ணாவியார் காலமாகி வருகிற ஆவணியோடு ஒரு வருடம் நிறைவதால், அவர் கட்டிய பாட்டுகளை வாசிகசாலை முற்றத்தில் பாடி, அதை அப்படியே ஒலிப்பதிவு செய்து வெளியிட எண்ணியிருக்கிறோம். கூத்துக்காரர் என்றாலும், சிறுபோகத் (கோடைப் பயிர்ச்செய்கை) தண்ணீர்ப் பங்கீட்டில், வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ள கடைவாய்க்கால்காரருக்கு நேர்ந்த அநீதியையும் காணிப் பத்திரத்துக்காக அலைந்தவர்களின் துன்பத்தையும் அருவிவெட்டு மெட்டில் பாடியவர் அவர். முன்மாதிரி தேடியபோது, அமெரிக்க நாட்டார் பாடகர் வூடி கத்ரிக்கு 1968இலும் 1970இலும் நடந்த அஞ்சலி நிகழ்ச்சிகளின் இசைத்தட்டு கிடைத்தது. பாடியவர்கள் பெரிய ஆட்கள்தாம். ஆனால் இடையிடையே யாரோ வாசிக்கிறார்கள். எங்கள் பதிவில் அதை விட்டுவிட்டுப் பாட்டுகளை மட்டும் கோக்கலாமா?

பதில் – வவுனியாவிலிருந்து

விடவே கூடாது என்பது என் எண்ணம். வாசிக்கப்படுவது கத்ரியின் சொந்த எழுத்து. அவருடன் முன்னர் ஒரே குழுவில் பாடிய மில்லார்ட் லாம்பெல் அதைத் தொகுத்தார். 1968இல் நியூயோர்க்கில் நடிகர்கள் வில் கியரும் றொபேட் றயனும், 1970இல் ஹொலிவூட்டில் வில் கியரும் நடிகர் பீற்றர் ஃபொண்டாவும் வாசித்தார்கள். நரம்புகளைச் சிதைக்கும் ஹன்ரிங்டன் என்ற பரம்பரை நோயால் 1954இலிருந்து பெரும்பாலும் மருத்துவமனைகளிலேயே கிடந்து, கையும் வாயும் வழங்காமல் 1967 ஒக்டோபரில் இறந்த மனிதர் அவர். நான்கு மாதம்கூட ஆகாமல், 1968 சனவரி 20இல் நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் நண்பர்கள் கூடியபோது அவரை மேடைக்கு அழைத்துவர அந்த எழுத்தைவிட வேறு வழி இருக்கவில்லை.

அன்று பாடகர் பொப் டிலன் பாடிய மூன்று பாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1966 மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பின் அவர் மேடையேறியது அன்றுதான் என்பதால் எல்லோரும் அதையே பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப்படுவது அவற்றில் ஒன்றான கிராண்ட் கூலி அணைக்கட்டுப் பாட்டு. 1941இல் அரச மின்சார நிறுவனமொன்று ஒரு மாதத்துக்கு 266 டொலர் சம்பளம் பேசி கத்ரியை அமர்த்த, அவர் 26 பாட்டுகள் எழுதிக் கொடுத்தார். பின்னணி தெரியாதவருக்கு அது அரசாங்க விளம்பரம் போலத்தான் கேட்கும். புழுதிப்புயலில் காணியை இழந்து தெருத்தெருவாக அலைந்த குடும்பங்களோடு திரிந்தவர் தண்ணீரைக் கண்டு ஏன் அப்படிக் கூத்தாடினார் என்பது, இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்வதைப் பார்க்க ஓடிய நமக்குச் சொல்லாமலே விளங்கும்; வெளியூர்க்காரருக்குச் சொல்லத்தான் வேண்டும்.

பதில் – முல்லைத்தீவிலிருந்து

வாசிப்பை விடுவதைவிட அடிகளை வெட்டுவதுதான் பெரிய ஆபத்து. 1940இல் கத்ரி எழுதிய, இந்த நாடு உனக்கும் எனக்கும் சொந்தம் என்ற கருத்துள்ள பாட்டில், தனியார் சொத்து என்று எழுதிய பலகையைப் பற்றிய அடியும் நிவாரண அலுவலக வாசலில் பசியோடு நிற்பவர்களைப் பற்றிய அடியும் உண்டு. பள்ளிக்கூடங்களில் பாடும்போது அவை பெரும்பாலும் காணாமற்போகும். 2009 சனவரியில் வொஷிங்டனில் ஒபாமாவின் பதவியேற்பை ஒட்டிய நிகழ்ச்சியில் 89 வயது நாட்டார் பாடகர் பீற் சீகர் அவற்றைத் தவறாமல் பாடினார்.

எங்கள் ஊரில் பாட்டுகளைப் பதிவு செய்தபோதும் இப்படி நடந்தது. செலவை ஏற்ற ஒருவர் நிவாரண வரிசையைக் கேலி செய்யும் இரண்டடியை விடச் சொன்னார்; நாங்களும் தலையாட்டினோம். மத்தளம் அந்த இடத்தைத் தாண்டும்போது முன்வரிசைப் பாயில் இருந்த கிழவிகள் விட்ட அடியைத் தாங்களே இழுத்துப் பாடிவிட்டார்கள். ஒலிவாங்கி மேடையை மட்டும் பார்த்திருந்ததால் பதிவில் அது ஒரு முணுமுணுப்பாகத்தான் விழுந்திருக்கிறது.

பதில் – மாங்குளத்திலிருந்து

அதனால் சபைப் பக்கமும் ஓர் ஒலிவாங்கி வையுங்கள், கைதட்டலை வெட்டாதீர்கள். இன்னொன்று: 1972இல் கத்ரி அஞ்சலி இசைத்தட்டின் முதற்பாகத்தைக் கொலம்பியா நிறுவனமும் இரண்டாம் பாகத்தை வோர்னர் நிறுவனமும் வெளியிட்டபோது இரு நிகழ்ச்சிகளும் கலந்துபோயின. 2017இல் பெயார் ஃபமிலி என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட மூன்று குறுந்தட்டுத் தொகுப்பைக் கேட்டால்தான் நிகழ்ச்சிகளின் போக்குத் தெரியும்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. அண்ணாவியார் பாட்டுகளை எழுதிவைத்த சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டைக் குறிப்பேடு) அவர் மகளிடம் இருக்கிறது. எந்தப் பாட்டு எந்தப் போகத்தில், எந்த வாய்க்காற்கட்டில் இருந்து கட்டியது என்று ஓரத்தில் குறித்துவைத்திருக்கிறார். அவற்றை வாசிக்க மகள் சம்மதித்துவிட்டார். ஒரு பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டதால், அந்தப் பாட்டின் கடைசி அடிகள் யாருக்காவது நினைவிருக்கிறதா என்று விசாரிக்க நாளைக் காலை கடைவாய்க்கால் பக்கம் போகிறோம்.