ரிட்டயர் ஆனபின் பகுதி நேர வேலை: பி.எஃப். பிடிப்பார்களா, பிபிஎஃப்-இல் தொடரலாமா?

முலுண்ட்வாசி:
எனக்கு வயது 61. அந்தேரியில் ஒரு தொழிற்சாலையில் அக்கவுண்ட்ஸ் பார்த்து ரிட்டயர் ஆனேன். பி.எஃப். பணம் முழுவதையும் எடுத்து, 30 லட்சத்தை சீனியர் சிட்டிசன் திட்டத்தில் போட்டுவிட்டேன். அந்த வட்டியில் குடும்பம் ஓடுகிறது.

இப்போது பழைய முதலாளியே வாரம் மூன்று நாள் வரச் சொல்கிறார். காட்கோபர் வரை ரயில், அங்கிருந்து மெட்ரோ. மாதம் 35,000, பத்து சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) போக 31,500 கைக்கு வருகிறது. இதைத் தொடவே கூடாது என்று இருக்கிறேன். மனைவிக்கு 56 வயது, அவளுக்கென்று பென்ஷன் எதுவும் கிடையாது. எனக்குப் பிறகு அவள் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது.

மறுபடி பி.எஃப். பிடிக்கச் சொல்லலாமா? 2009 ஆகஸ்டில் திறந்த பிபிஎஃப் (அரசின் நீண்டகாலச் சேமிப்புக் கணக்கு) 2025 மார்ச்சோடு முதிர்ந்துவிட்டது. பணத்தை எடுக்கவில்லை, புதிதாகப் போடவும் இல்லை. இந்த வயதில் அதில் தொடரலாமா?

டோம்பிவிலி கணக்கர்:
பி.எஃப். வராது சார். பத்து சதவீதம் பிடிக்கிறார்கள் என்றால் உங்களுக்குத் தருவது சம்பளம் இல்லை, ஆலோசகர் கட்டணம். ஆனால் வருடத்துக்குப் பிடிக்கும் 42,000-ஐ விட்டுவிடாதீர்கள். 2025-26-இல் புதிய வருமான வரி முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை. ரிட்டர்ன் போட்டால் அது திரும்பி வரும்.

மாட்டுங்கா டீச்சர்:
சார், பிபிஎஃப்-க்கு வயது வரம்பே கிடையாது. ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கலாம், வருடம் ஒன்றரை லட்சம் வரை போடலாம். ஆனால் முதிர்ந்த ஒரு வருடத்துக்குள் நீட்டிப்புப் படிவம் கொடுத்தாக வேண்டும். உங்களுக்கு 2026 மார்ச் 31 கடைசி.

நான் கொடுக்கவில்லை. ரிட்டயர் ஆனபின் டியூஷன் எடுத்த காசு, மாதம் ஐயாயிரம், தானாகவே பிபிஎஃப்-க்குப் போய்க்கொண்டிருந்தது. பாஸ்புக்கில் மாதம் தவறாமல் வரவு விழும், நானும் விரல் வைத்துக் கூட்டிப் பார்த்துச் சந்தோஷப்படுவேன். இரண்டு வருடம் கழித்துத்தான் வங்கியில் சொன்னார்கள்: படிவம் இல்லாமல் போட்ட பணத்துக்கு வட்டி கிடையாதாம். 1,20,000 ரூபாய் போட்டபடியே திரும்பி வந்தது. பாடம் சொல்லிக் கொடுத்துத் தொண்டை கட்டிச் சேர்த்த காசு சார், இன்னும் மனசு ஆறவில்லை.

அதனால் முதலில் படிவம், அப்புறம் செக். கையெழுத்தும் முத்திரையும் வைத்த நகலைக் கேட்டு வாங்குங்கள். மாதாமாதம் போடுவதானால் ஐந்தாம் தேதிக்குள் போடுங்கள், அதற்குப் பிறகு போட்டால் அந்த மாத வட்டி போய்விடும். நடுவில் அவசரம் வந்தாலும் பயப்பட வேண்டாம். நீட்டிப்பு தொடங்கும்போது இருந்த தொகையில், அந்த ஐந்து வருடத்துக்கும் சேர்த்து மொத்தம் 60 சதவீதம் வரை எடுக்கலாம், வருடத்துக்கு ஒரு தடவை. உங்கள் மனைவிக்காகத்தான் சேர்க்கிறீர்கள் என்றால் நாமினி யார் என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முலுண்ட்வாசி:
டீச்சர், பாஸ்புக்கைப் பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நாமினி இடத்தில் என் அம்மா பெயர் இருக்கிறது. அம்மா காலமாகி ஆறு வருடம் ஆகிறது. வியாழக்கிழமை எனக்கு வேலை இல்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு படிவமும் கொடுத்துவிட்டு வருகிறேன்.