வக்கீல் கையில் போன், நம்ம ரகசியம் எங்கே? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

மழைக்குருவி

விவாகரத்து வழக்கு. வக்கீல் நல்லா வாதாடுவார், அதுல குறை சொல்ல மாட்டேன். ஒரு ராத்திரி வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல அவர் மேசையைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். விளக்கு, மூக்குக் கண்ணாடி, கட்டுக் கட்டா ஃபைல். கீழே "நாளை வாதம், இன்று தூக்கம் இல்லை"ன்னு ஒரு வரி. நான் பார்க்கவே இல்லை. எங்க ரெண்டு குடும்பத்துக்கும் வேண்டிய ஒருத்தர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, "இது உன் கேஸா?"ன்னு கேட்டார்.

ரெண்டு விரலால பெருசாக்கிப் பார்த்தேன். மேல கிடந்தது என் ஃபைல். பேரு பாதி தெரியுது, அது கூடப் பரவாயில்ல. அதுல ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டு என் கையெழுத்து. "இது அம்மாவுக்குத் தெரியாது, நோட்டீஸ்ல போட வேண்டாம்." என்னன்னு அதுல இல்ல. ஆனா அம்மாவுக்குத் தெரியாத ஒண்ணு இருக்குன்னு இப்ப எத்தனை பேருக்குத் தெரியும்?

போன் பண்ணேன். "முகம் ஒண்ணும் தெரியலையேம்மா, நாளைக்குத் தானா போயிடும்"னார். அந்த வார்த்தைதான் இன்னும் உறுத்துது. உங்களுக்கு இப்படி நடந்திருக்கா?

பாதி_கவுன்

நான் தொழிலுக்கு வந்து மூணு வருஷம். எங்களுக்குத் தலைகீழா நடந்தது. எதிர்த்தரப்பு சமரச ஒப்பந்தத்தை வேர்டு கோப்பா அனுப்பினாங்க. திறந்தா ஓரத்துல கருத்துக் கட்டங்கள் அப்படியே இருக்கு. அவங்க வக்கீலுக்குள்ள பேசிக்கிட்டது. அதுல ஒண்ணு: "கட்சிக்காரர் கேட்பதில் பாதிக்கும் ஒத்துக்கொள்வார். முதலில் சொல்ல வேண்டாம்."

கை நடுங்கிச்சு, சந்தோஷத்துல. சீனியர்கிட்ட லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். அவர் முதல் ரெண்டு வார்த்தை படிச்சிருப்பார், மூடியைச் சாத்திட்டார். என் விரல் உள்ள மாட்டியிருந்தது. அப்படியே போனை எடுத்து, "உங்க கோப்புல உள்குறிப்பு தங்கியிருக்கு, அழிச்சிட்டு வேற அனுப்புங்க"ன்னு எதிர்த்தரப்பு வக்கீல்கிட்ட சொன்னார். அமெரிக்க வக்கீல் சங்கத்தோட மாதிரி விதி 4.4(b) இதைத்தான் சொல்லுதுன்னு பின்னாடி படிச்சேன். தவறி வந்ததுன்னு தெரிஞ்சா அனுப்பினவருக்கு உடனே சொல்லணும். ஆனா நான் அந்த வரியை முழுசாப் படிச்சிட்டேன். பேச்சுவார்த்தைக்கு நானும் போனேன். என் மூஞ்சியில அது தெரிஞ்சிருக்குமோன்னு இன்னும் நினைக்கிறேன்.

நேர்வழி

பாதி கவுன், உங்க சீனியர் பெரிய மனுஷனாவே இருக்கட்டும். ஃபீஸ் கொடுத்தது யாரு? உங்க கட்சிக்காரர். அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? எதிராளி கவனக்குறைவுக்கு நம்ம ஆள் ஏன் நஷ்டப்படணும்?

பாதி_கவுன்

கேக்கல. அதுவும் சேர்ந்துதான் உறுத்துது. ஆனா நாளைக்கு நம்ம கோப்பு அந்தப் பக்கம் தவறிப் போனா?

நேர்வழி

"நாளைக்கு நம்ம கோப்பு"ன்னு சொல்லியே வக்கீல்கள் ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்திக்கிறாங்க. கட்சிக்காரர் நடுவுல நிக்கிறார். அவ்வளவுதான், நான் விட்டுட்டேன்.

மூத்தகுமாஸ்தா

எனக்கு நடந்தது ஒரே வரி. ஆவணத்தில் கணக்கு எண்ணைக் கறுப்புக் கட்டத்தால் மறைத்து, பிடிஎஃப் ஆக்கித் தாக்கல் செய்தோம். எதிர்த்தரப்புப் பையன் சுட்டியால் இழுத்து, நகலெடுத்து, வேறொரு பக்கத்தில் ஒட்டிக் காட்டினான். எண் முழுசாக வந்தது.

இதைப் படிப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று சொல்கிறேன். கறுப்புக் கட்டம் எழுத்தின் மேல் போட்ட துணி மாதிரி, அடியில் எழுத்து அப்படியே இருக்கும். 2019 ஜனவரியில், டிரம்ப்பின் தேர்தல் பிரசாரத் தலைவராக இருந்த பால் மானஃபோர்ட்டின் வக்கீல்கள் நீதிமன்றத்தில் போட்ட மனுவிலும் இதேதான் நடந்தது. செய்தியாளர்கள் மறைத்த பகுதியை நகலெடுத்து ஒட்டி, தேர்தல் கருத்துக்கணிப்பு விவரத்தை அவர் பகிர்ந்ததாக அரசுத் தரப்பு சொல்லும் பகுதியை வாசித்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய வழக்கிலேயே அப்படி. எழுத்தை அடியோடு நீக்கும் வசதி உள்ள மென்பொருளில் மறையுங்கள். இல்லையென்றால் அச்செடுத்து, மையால் அடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். வேர்டு கோப்பை அப்படியே அனுப்பாதீர்கள், அதில் யார் எழுதினார், எப்போது திருத்தினார் என்பதெல்லாம் தங்கும். மின்னஞ்சலில் முதல் இரண்டு எழுத்து அடித்ததும் அதுவாகவே பெயரை நிரப்பும் வசதியை நிறுத்திவிடுங்கள், ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் வினை. வாட்ஸப் செய்தி வழியில் பூட்டப்பட்டிருக்கிறது என்பது உண்மை, ஆனால் கூகுளிலோ ஆப்பிளிலோ சேமிக்கும் பிரதி வேறு. அதைப் பூட்டும் வசதி 2021-இல்தான் வந்தது, நாமே போய் இயக்க வேண்டும். பழைய போனை விற்கும்முன்...

மழைக்குருவி

ஐயா, நான் பிடிஎஃப் பத்திக் கேக்கல.

மூத்தகுமாஸ்தா

தெரியும் அம்மா. பழக்கதோஷம்.

இரவுப்பதில்

நான் வக்கீல். என் தப்பைச் சொல்றேன். வழக்கு தோத்த கட்சிக்காரர் என் அலுவலகப் பக்கத்துல ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, "போனே எடுக்க மாட்டார்"னு எழுதினார். பொய். ராத்திரி பன்னிரண்டரைக்கு உட்கார்ந்து பதில் அடிச்சேன்: எத்தனை தடவை பேசினேன், அவர் எந்தக் காகிதத்தை என்கிட்ட மறைச்சார், அதனால குறுக்கு விசாரணையில என்ன ஆச்சு. அடிக்கும்போது அவ்வளவு நிம்மதி. பதினொரு நிமிஷம் கழிச்சு அழிச்சேன். அதுக்குள்ள அவருக்கு அறிவிப்பு மெயில் போயிடுச்சு. "சார், அந்தக் காகிதம் பத்தி என் தம்பிக்கே தெரியாது"ன்னு ஒரே ஒரு செய்தி அனுப்பினார். திட்டியிருந்தா தேவலை.

அமெரிக்க வக்கீல் சங்கம் 2021 ஜனவரியில கொடுத்த 496-ஆம் கருத்துரை (வக்கீல் நடத்தை பத்தின வழிகாட்டுதல்) இதையே சொல்லுது: இணையத்துல வர்ற விமர்சனம், ரகசியத்தைச் சொல்லித் தற்காத்துக்கிறதுக்கு விதிவிலக்குத் தர்ற 'தகராறு' ஆகாது. நான் படிச்சது அந்த ராத்திரிக்கு அப்புறம்.

நேர்வழி

அவர் ஊரறியப் பொய் சொல்லலாம், நீங்க உண்மையைச் சொல்லக் கூடாதா? முதல் கேள்வி அவர்தானே எழுப்பினார்!

இரவுப்பதில்

ரெண்டு விஷயம் கலக்குறீங்க. கோர்ட்டே கேட்டாலும் சொல்ல வேண்டாம்கிறது சலுகை. யாரும் கேக்காமலே வாய் திறக்கக் கூடாதுங்கிறது கடமை. கடமை ரொம்ப அகலம், வழக்கு முடிஞ்சாலும் முடியாது. இந்தியாவுல இதைச் சொன்னது சாட்சியச் சட்டம் 126-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1-லிருந்து அதுக்குப் பதிலா வந்த பாரதிய சாக்ஷிய அதிநியத்துல 132. வேலை முடிஞ்ச பிறகும் அந்தக் கட்டுப்பாடு தொடரும்னு பிரிவுக்குள்ளேயே விளக்கம் இருக்கு. கட்சிக்காரர் வெளிப்படையாச் சம்மதிக்கணும். ஒரு நட்சத்திரம் கொடுத்தது சம்மதம் ஆகாது.

கண்ணாடிவளை

எங்க வீட்டுல வக்கீல் மேல தப்பே இல்ல. அப்பாவோட உயில் விஷயமா நான் தனியா ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் கேட்ட பத்திரம், அவர் பென்சிலால திருத்திக் கொடுத்த வரைவு, எல்லாத்தையும் போன்ல படம் எடுத்து வச்சேன். என் போனும் வீட்டு டிவியும் ஒரே கணக்கு. யாரும் எதுவும் பார்க்காம டிவி சும்மா கிடந்தா படங்களை மாத்தி மாத்திக் காட்டும். குழந்தை பிறந்தநாள், கடல், பூனை, அப்புறம் 55 அங்குலத்துல உயில் வரைவு. அண்ணன் சோபாவுல உட்கார்ந்திருந்தார். பென்சில் வட்டம் போட்டிருந்தது அவர் பேரைத்தான். எட்டு நொடி இருக்கும். அடுத்த படம் மறுபடி பூனை. அவர் ஒண்ணுமே கேக்கல. இன்னைக்கு வரைக்கும் கேக்கல.

பாதி_கவுன்

ஐயோ.

தட்டச்சு_தாரா

எங்க அலுவலகத்துல புதுசா வந்த பையன் ஒரு பெண்ணோட வாக்குமூலத்தை முழுசா, பேரு விலாசத்தோட, ஏஐ உரையாடல் செயலியில ஒட்டி "சுருக்கிக் கொடு"ன்னான். சுருக்கம் அருமையா வந்தது. எல்லாரும் பாராட்டினாங்க, நானும்தான். ஏஐ, வக்கீல்னு பேச்செடுத்தா 2023-ல நியூயார்க்ல வக்கீல்கள் ஏஐ சொன்ன, இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் வாங்கின கதையைத்தான் சொல்றாங்க. செயலி வெளிய கக்கின பொய்யைப் பத்தி எல்லாரும் பேசுறாங்க, அதுக்கு உள்ள ஊட்டின உண்மையைப் பத்தி யாரும் வாய் திறக்கிறதில்ல. 2024 ஜூலையில அமெரிக்கச் சங்கம் 512-ஆம் கருத்துரையில இதைத் தொட்டது: தானே கற்றுக்கிற கருவியில கட்சிக்காரர் விவரத்தைப் போடணும்னா, விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்கணும்.

அந்தப் பெண்கிட்ட யாரும் கேக்கல. அடுத்த வாய்தாவுக்கு வந்தப்ப, "என் கதையை ரெண்டு பக்கத்துல எவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

நேர்வழி

நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே?

தட்டச்சு_தாரா

நீங்களா இருந்தா சொல்லியிருப்பீங்க. சரி.

மூத்தகுமாஸ்தா

மழைக்குருவி அம்மா, கேட்காமல் சொல்கிறேன், மன்னிக்கவும். வக்கீலுக்கு எழுத்தில் ஒரு வரி அனுப்புங்கள்: என் வழக்குக் காகிதம், உறை, சீட்டு எதுவும் எந்தப் படத்திலும் வரக் கூடாது. திட்ட வேண்டாம், தேதி மட்டும் இருக்கட்டும். ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரமாக வையுங்கள்.

மழைக்குருவி

அனுப்பிட்டேன் ஐயா. "நோட்டட்"னு பதில் வந்தது, கூட ஒரு கட்டைவிரல். வக்கீலை மாத்தல. அடுத்த மாசம் விசாரணை, புதுசா ஒருத்தர்கிட்ட மறுபடி எல்லாத்தையும் சொல்லத் தெம்பு இல்ல.

நேத்து ஆபீஸ் போய் அந்த மஞ்சள் சீட்டைத் திருப்பிக் கேட்டேன். ஃபைல் முழுக்கப் புரட்டினாங்க, காணோம். குமாஸ்தா பொண்ணு மெதுவா, "படம் எடுக்கும்போது அழகா இல்லைன்னு சார் எதையோ நகத்தி வச்சார் அக்கா, அதுல விழுந்திருக்கும்"னாள்.