புதுப்பிப்பு: தொடை என்பில் மெலனோமாவா? விடை கிடைத்தது

யாழ்ப்பாணத்திலிருந்து கேட்டிருந்தேன்: தொடை என்பு பயொப்சியில் (சோதனைக்கு எடுத்த இழையத் துண்டில்), புற்றுநோய் வகையைக் காட்டும் சாயக் குறிப்பான்களில் எஸ்100 நேர், எச்.எம்.பி-45 எதிர், கலங்களில் கபில நிறமி, இது மெலனோமாதானா (நிறமிக் கலங்களில் தொடங்கும் புற்றுநோய்)? பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. முடிவு: ஆம், மெலனோமா பரவல்தான்.

தீர்த்துவைத்தது, 'சொக்ஸ்10 குறிப்பானைப் போடுங்கள், அமிலம் படாத துண்டில் போடுங்கள்' என்ற யோசனை. எஸ்100 கசியிழையச் சார்க்கோமா, கோடோமா என்ற வேறு என்புப் புற்றுநோய்களிலும் நேராக வரும். அதை மட்டும் நம்பமுடியாது. முதல் துண்டு, என்பை வெட்டக்கூடியதாக மென்மையாக்க, ஐதரோகுளோரிக் அமிலத்தில் சுண்ணாம்பு நீக்கப்பட்டது. வலுவான அமிலம் சில குறிப்பான்களின் சாயமேற்றத்தை மங்கச்செய்யும், டி.என்.ஏ.யையும் சிதைக்கும். மீதித் துண்டை 10% நடுநிலை போமலினில் பதப்படுத்தி, அமிலத்துக்குப் பதிலாகச் சுண்ணாம்பைப் பிணைத்தெடுக்கும் 14% ஈ.டீ.ரீ.ஏ., பி.எச். 7.4 கரைசலில் வைத்தார்கள். மெதுவான வழிதான், கரைசலை அடிக்கடி மாற்றவேண்டும். மெலனோமாவைக் காட்டும் சொக்ஸ்10, மெலன்-ஏ இரண்டும் பளிச்சென்று நேர், மேலணிப் புற்றுநோயைக் காட்டும் கெரற்றின் எதிர்.

எதிர்பாராதது: கபில நிறமியில் ஒரு பகுதி வெறும் இரும்பு, இரும்பைக் காட்டும் பேர்ள்ஸ் சாயத்தில் நீலமானது. (அமிலம் இரும்பையும் கழுவிவிடும், ஆகவே அமிலத் துண்டில் இச்சோதனை வீண்.) குறிப்பான் சோதனையில் வழக்கமாகப் போடும் டி.ஏ.பி. நிறமூட்டியின் கபிலம், மெலனின் நிறமியோடு குழம்பாமலிருக்கச் சிவப்பு நிறமூட்டி கேளுங்கள். பி-ராவ் மரபணு மாற்றப் பரிசோதனைக்கும் இதே ஈ.டீ.ரீ.ஏ. துண்டுதான் போயிருக்கிறது. இரத்த எல்.டி.எச். நொதியின் அளவு நோயின் போக்கைக் கணிக்கத்தான், நோயை உறுதிசெய்ய அல்ல.